அம்மா கூப்பிட்ட பக்கம்

காற்றாடியைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறீர்களா? எனக்குச் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை.

நீங்கள் கேட்டீர்களே, அவளும் நானும் விடுதியில் ஒரே அறை. இருவருக்கும் மொழியியல். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அவள் அம்மாவுக்குப் பேச்சுப் போய்விட்டது. ஒவ்வொரு சொல்லாக அது திரும்பி வருவதைத்தான் அவள் ஆய்வுக்கு எடுத்திருந்தாள். விடுமுறை நாட்களில் வீட்டுக்குப் போய், கட்டிலருகே உட்கார்ந்து, கேட்டதை எழுதி வருவாள். கரண்டியைப் பார்த்து அம்மா 'சாவி' என்றதையும், இருவரும் விழுந்து விழுந்து சிரித்ததையும் என்னிடம் சொல்லியிருக்கிறாள். குரலைப் பதிவு செய்ய மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

"அம்மா திக்குறதை வேற யாரும் கேக்க வேணாம்டி."

எனக்கு அந்தப் பருவம் சரியாக அமையவில்லை. கெடு நெருங்கியும் ஒரு வரி எழுதவில்லை. அவள் குளிக்கப் போனபோது மடிக்கணினி திறந்தே இருந்தது. கட்டுரையை எனக்கு அனுப்பிக்கொண்டேன். ஏஐயிடம் கொடுத்து, அம்மாவைப் பெரியம்மா ஆக்கி, நடையை மாற்றித் தரச் சொன்னேன். அதைப் பயன்படுத்த எங்களுக்குத் தடையில்லை. பயன்படுத்தியதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அது விட்டுப்போயிற்று.

கடைசிப் பக்கத்தை ஏஐ தானாகவே சேர்த்தது. ஜன்னலோரம் படுத்திருக்கும் பெரியம்மா திரும்பிப் பார்த்து, "கண்ணு, வந்துட்டியா?" என்று கூப்பிடுகிறார். பேராசிரியர்களுக்கு மிகவும் பிடித்தது அந்த இடம்தான்.

அவளுக்கு முன்பே நான் சமர்ப்பித்துவிட்டேன். இரண்டும் ஒன்றுபோல் இருக்கவே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பெரியம்மா தவறிவிட்டார் என்றேன். எனக்குப் பெரியம்மா கிடையாது. இறந்தவரைப் பற்றி யாரும் தோண்டிக் கேட்பதில்லை.

விசாரணைக் குழுத் தலைவர் அவளிடம் தன்மையாகத்தான் பேசினார். "உங்க அம்மாவை ஒருதரம் கூட்டிட்டு வாங்கம்மா. எங்க முன்னாடி நாலு வார்த்தை பேசட்டும். முடிச்சிடலாம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீயாச்சும் சொல்லேன்டி. நான் உக்காந்து எழுதுறதைப் பார்த்துட்டுத்தானே இருந்தே?"

"நான் கவனிக்கலை சார்," என்றேன்.

அம்மாவைக் கூட்டி வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். கூட்டி வரவில்லை. அவளை நீக்கிவிட்டார்கள்.

பெட்டி கட்டும்போது கத்துவாள் என்று நினைத்தேன். துணிகளை நிதானமாக மடித்தாள். என் துண்டு ஒன்று கலந்திருந்தது. எடுத்து என் கட்டிலில் வைத்தாள். கதவருகே போனவள் நின்றாள்.

"அம்மா இன்னும் என்னைக் கூப்பிடவே இல்லைடி. நீ குடுத்ததுல கூப்பிடுறாங்க. அந்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புறியா?"

அனுப்பவில்லை. சமர்ப்பித்த கட்டுரையை இன்னொரு மாணவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. விதிமுறைகளில் நான் எப்போதும் கவனமாக இருப்பவள்.