தலைவர் மூக்கில் ஆணி

“டீச்சர், தலைவரு மூக்கு மேலதான் ஆணி வருது.”

இன்று காலை கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கேட்டது. சொன்னவர் பேனர் கடை இளைஞர்; பக்கத்தில் பள்ளிக்கூட டீச்சர். அவர் மடியிலிருந்த லேப்டாப்பில், பிள்ளைகள் ரகசியக் கடிதம் எழுத, ஓர் எழுத்துக்குப் பதில் வேறு எழுத்தைக் காட்டும் சக்கரம் இருந்தது. அச்சடித்து வெட்டி, பெரிய வட்டத்தின் மேல் சின்ன வட்டத்தை வைத்து, நடுவில் ஆணி குத்திச் சுழற்ற வேண்டும். அந்த நடுவில் ஊராட்சித் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இவரை யாருப்பா போடச் சொன்னது?”

“நாளைக்கு அவருதான வந்து பசங்களுக்குக் குடுக்குறாரு? போட்டோ இல்லாம டிசைன் பண்ணா எனக்குக் கையே ஓடாது டீச்சர்.”

“எடுத்துடு.”

“நேத்தே அவருக்கு அனுப்பிட்டேங்க. சூப்பரா கீதுன்னாரு.”

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நாளைக்கு அவருகிட்ட ஸ்கூலுக்குக் காம்பவுண்டு சுவர் கேக்கலாம்னு இருக்கேன். அவர் எதிர்லயே நாப்பது பசங்க மூக்குல குத்தினா இன்னா ஆவும்?”

இளைஞர் படத்தை மேலே இழுத்தார். “இப்போ பாருங்க. ஆணி சட்டைப் பட்டன்ல வருது. யாருக்குத் தெரியும்?”

“சரி, சக்கரத்தைச் சுத்தினா?”

சுற்றிக் காட்டினார். சிரித்த முகத்தோடு தலைவர் தலைகீழானார்.

டீச்சர் லேப்டாப்பை மூடினார்.

“எல்லாத்தையும் நேரா வெச்சிக் குடு. சுவரைக் கேட்டு முடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் சுத்தக் கூடாது.”