பாதி நிமிர்ந்த முதுகு

ம், அப்புறம்? கணுக்கால்ல கரண்டு வெப்பீங்க, மண்டையில ஒயர ஒட்டுவீங்க, பேப்பர்ல கோடு கோடா வரும். நரம்பு உசுரோட இருக்குதான்னு அந்தக் கோடே சொல்லிடும். இனிமே ஆப்பரேசன்ல முதுக அறுத்துப் போட்டுட்டு, கால் ஆடுதான்னு பாக்க பாதியில யாரையும் எழுப்ப வேணாம். அதானே சார்? இதச் சொல்லவா மெட்ராஸ்லேருந்து பஸ்ஸேறி விருத்தாசலம் வந்தீங்க?

நானா? மீட்டிங்குக்கா? அத்தன டாக்டருங்க முன்னால முதுகத் தொறந்து காட்டிகினு நிக்கணுமாக்கும். நல்லா கேட்டீங்க போங்க. பீங்கான் கம்பெனியில கப்புக்குக் கைப்புடி ஒட்டறவ நானு. எனக்கு வேற பொழப்பு இல்லன்னு நெனச்சீங்களா?

என்னது, எங்கால நீங்கதான் காப்பாத்துனீங்களா? உங்க பெரிய டாக்டரு அப்புடித்தான் ஊரெல்லாம் சொல்லிகினு திரியறாரா? நாலு வருசத்துக்கு முன்னால கம்பி வெச்சு என் முதுக நிமித்திட்டு, மயக்கத்தக் கொறச்சு, கால ஆட்டு, கால ஆட்டுன்னாங்க. நான் ஆட்டல. நரம்பு போச்சுன்னு பயந்துகினு, நிமித்துனதுல பாதிய தளத்திட்டாங்க. அப்பறம் வார்டுல எங்கம்மா கூப்புட்ட ஒடனே ரெண்டு காலையும் ஒதறுனேன். பாத்தீங்களா, தளத்துனதாலதான் பொழச்சுதுன்னு அவரு எல்லாருக்கும் கை குடுத்துகினு இருந்தாரு. மேதாவி.

இந்த முதுகப் பாருங்க. நிமிந்ததா, கூனா? ரெண்டுங்கெட்டான். வேப்பூர்லேருந்து பொண்ணு பாக்க வந்தவங்க, பஜ்ஜியத் தின்னுட்டு போனவங்கதான். அன்னிக்கி ராத்திரி முச்சூடும் அழுதேன்.

தளத்தலன்னா கால் போயிருக்குமா? எங்காலுக்கு அன்னிக்கு ஒன்னும் ஆவல சார். நரம்பும் நல்லாத்தான் இருந்துது, நீங்க பேசுனதும் நல்லாவே கேட்டுது. ஆப்பரேசன் ரூமுக்குள்ள என்னைய என்னான்னு கூப்புட்டாங்க? சொர்ணாம்பா, கால ஆட்டு. சொர்ணாம்பா, கால ஆட்டு. அது ஆஸ்பத்திரியில சீட்டு போடறப்ப எங்கம்மா சொன்ன பேரு. பொறந்ததுலேருந்து அந்தப் பேரச் சொல்லி என்னைய ஒருத்தரும் கூப்புட்டதில்ல. தெருவுல கூனி, கம்பெனியில கூனி, பெத்தவளுக்கும் நான் கூனிதான்.

யாரோ சொர்ணாம்பாளாம், அவ்ளோ பெரிய டாக்டரு தொண்ட கிழியக் கூப்புடறாரு. ஆட்டித் தொலையேன்டின்னு அவளத் திட்டிகினு படுத்திருந்தேன்.