பிலிப்பு மாமா எழும்பவில்லை

"படுங்கோ! ஷெல் வருது, படுங்கோ!"

கத்துவது பிலிப்பு மாமா, என் அம்மாவின் தம்பி. செம்மணி வெளி. 1995, ஒக்டோபர் கடைசி. யாழ்ப்பாணமே இந்தத் தெருவால் வெளியேறுகிறது. மழை. முதலில் தூரத்தில் குத்துகிற சத்தம். டும். பிறகு கூவல். பிறகு நிலம் அதிர்கிறது. சேற்றில் முகம் புதைத்துக் கிடக்கிறோம்.

எல்லோரும் எழும்புகிறோம். மாமா எழும்பவில்லை. பதறிப்போய் உலுக்குகிறேன். ஒரு கண்ணை மட்டும் திறக்கிறார்.

"குடிக்க ஒரு பிளேன்ரீ தந்தால் உயிர்க்கிறன்."

பக்கத்தில் வந்த சனம் சிரித்தது. அந்தத் தெருவில், ஐயோ, சிரித்தது! அவர் அப்படித்தான். தன் கலியாண விருந்திலேயே செத்தவர்போல விழுந்து கிடந்தவர். றீற்றா மாமி குழறத் தொடங்கியதும் எழும்பி ஆடினவர்.

அடுத்தது. டும். கூவல். மிகக் கிட்ட. காது அடைத்துவிட்டது. மாமா கிடக்கிறார்.

"மாமா, பகிடி காணும். எழும்புங்கோ!"

பின்கழுத்தில் சின்னக் காயம்தான். பின்னால் சனம் நெருக்குகிறது. யாரோ இரண்டு பேர் அவரைத் தூக்கி வரம்பில் கிடத்தினார்கள். என்னையும் அம்மாவையும் சனம் தள்ளிக்கொண்டு போனது. நான் அழவில்லை. இன்றைக்கும் அழுகை வரவில்லை. ஏனென்று தெரியாது.

இரண்டு வருடம் கழித்து நான் மட்டும் ஓக்லாந்தில். மவுண்ட் ரோஸ்கில். றீற்றா மாமி அந்த இடப்பெயர்வுக்கு முன்பே மகளோடு இங்கே வந்தவர். மாமாவின் விசாவுக்காக அலைந்தவர். சாவுச் செய்தியை அவர் நம்பவேயில்லை. நவம்பரில் கத்தோலிக்கக் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துப் பூசை வைப்பார்கள். மாமி பெயர் கொடுக்க மாட்டேன் என்றார்.

"உயிரோட இருக்கிற மனுசன்ர பேரைக் குடுக்கிறதோ? விசர்க் கதை. அந்தாள் எங்கயோ ஒளிச்சிருந்து சிரிக்குது."

"மம், ப்ளீஸ்," என்றாள் மகள். மாமி அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ வடிவாப் பாத்தனியோ?"

பயமாக இருந்தது. ஷெல்லுக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை.

"ஓம் மாமி. ரெண்டு கண்ணும் திறந்து கிடந்தது. மழைத்தண்ணி உள்ள விழுந்தது. இமைக்கேல்லை. நான்தான் மூடிவிட்டனான்."

மாமி கறிச்சட்டியை இறக்கினார். அடுப்பை நிற்பாட்டினார்.

"சாப்பிட்டவரோ?"

"ஓம். விடியப் பாண் சாப்பிட்டவர்."

"சரி. பேரைக் குடு."

அந்த ஞாயிறு பூசையில் சுவாமியார் பெயர்களை வாசித்தார். அவருக்குத் தமிழ்ப் பெயர்கள் நாக்கில் வராது. பிலிப்பு மட்டும் சரியாக வந்தது. மாமி வீட்டுக்கு வந்து தாலிக்கொடியைக் கழற்றினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இழந்ததைச் சொல்கிறேன். வீடு. மாமரத்தோடு வளவு. வன்னியில் மலேரியாவில் அம்மா. மாமா. அவரை மட்டும் இரண்டு தரம் எண்ண வேண்டும். செம்மணியில் ஒரு தரம். மவுண்ட் ரோஸ்கில் சமையலறையில், நான் வாய் திறந்தபோது, இன்னொரு தரம்.