கல்லுக்கு ஜன்னலோரம்

தள்ளட்டும். நல்லாத் தள்ளட்டும். நான் வரமாட்டேன். டிக்கெட்டும் எடுத்துட்டு வண்டியையும் தள்ளணுமாக்கும்? நீயும் உக்காரு தம்பி. உனக்கென்ன வந்துச்சு? வெள்ளைச் சட்டை வேற போட்டிருக்கே. நான் போட்டிருந்ததும் வெள்ளைதான். இப்பப் பாரு. நாப்பி மீன் விழுதுக் கூடை மொத்தமும் என் மேல. மூணு மாசம் கழிச்சுப் பொண்டாட்டியைப் பாக்கப் போறேன். மீன் நாத்தத்தோட.

தள்ளி உக்கார்றியா? சரி. காத்து உன் பக்கம்தான் அடிக்குது. தள்ளிப் போயும் பிரயோசனம் இல்ல.

இதெல்லாம் ஒரு வண்டியா? பக்கவாட்டுல ஜப்பான்காரன் எழுத்து இன்னும் அழியல. அங்க பச்சப் புள்ளைங்களப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டுப் போயிருப்பான். சீட்டப் பாத்தாத் தெரியல? உக்காந்தா என் முட்டி என் தாடையில இடிக்குது. அவன் ஊர்ல இடது பக்கம் ஓட்டறான். நம்ம ஊர்ல வலது பக்கம். அதனால கதவு நடு ரோட்டைப் பாத்துத் தொறக்குது. யின்மாபின் டீக்கடையில நீ ஏறறப்ப பாத்தேனே, லாரிக்காரன் உன் முதுகை உரசிட்டுப் போனான். நீ ஒரு வார்த்தை திட்டல. நானா இருந்தா கீழ தாஸி வரைக்கும் கேட்டிருக்கும்.

பேசமாட்டியா நீ? ம். பரவால்ல. நான் பேசறேன்.

டிரைவர் இருக்கானே, அந்த சோ மின், அவனோட வர்ற பெரியவர் யாருன்னு நினைக்கறே? கிளீனர் இல்ல. அவன் மாமனார். போ தான்னு பேரு. பொண்ணைக் குடுத்தவரு. மேடு வந்தா அவர்தான் கட்டையைத் தூக்கிட்டு வண்டி பின்னாடியே ஓடணும். வண்டி நின்னுபோச்சுன்னா சக்கரத்துக்கு அடியில கட்டையைச் சொருகணும். பின்னாடி உருளாம இருக்கணுமில்ல. மாமனாரைக் கட்டையோட ஓடவிட்டு, இவன் வெத்தலை மென்னுட்டு ஸ்டியரிங்கப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கான். "மாமா, கட்டை!"ங்கறான். அவரும் ஓடறாரு. என் மருமகனா இருந்தா அந்தக் கட்டையாலயே போட்டிருப்பேன்.

இன்னிக்கும் கத்தினான். நீயும் கேட்டியே. இஞ்சின் அணைஞ்சு போச்சு. "மாமா, கட்டை!" பெரியவர் சீட்டுக்கு அடியில கையை விட்டாரு. கட்டை இல்ல. "மாமா, கல்லு! கல்லை எடு!" அவர் ஜன்னலோரம் பாத்தாரு. கல்லும் இல்ல. வண்டி பின்னாலயே போச்சு, கோயிலுக்குப் போயிட்டு வர்ற கிழவி மாதிரி மெதுவா. வாய்க்கால்ல போய் உக்காந்துச்சு. யாருக்கும் அடி இல்ல. நாப்பிக் கூடைக்கு மட்டும்தான்.

கல்லு எதுக்கு ஜன்னலோரம்னு கேக்கறியா? நீ அப்ப ஏறல. அதுவரைக்கும் டிரைவரோட சேத்து ஒம்போது பேரு. ஒம்போது பேராப் பயணம் போகக்கூடாது, சரி. எனக்குத் தெரியாததா? எங்கப்பன் கூழாங்கல்லு ஒண்ணை எடுத்து லுங்கியில முடிஞ்சுக்குவான். பத்தாவது ஆளு ஆச்சு. வேலை முடிஞ்சுது. இந்த நாப்பிக்காரி தோ ஓன்மே இருக்காளே, அவளுக்கு அது போதல. "சின்னக் கல்லை ஆளுன்னு யாரு நம்புவாங்க?"ன்னா. பெரியவரை இறக்கிவிட்டு அம்மிக்கல்லு தண்டி ஒண்ணைத் தூக்கிட்டு வரச்சொன்னா. "கல்லுத்தம்பி, உக்காரு"ன்னு ஜன்னலோரம் உக்கார வெச்சா. என் சீட்டு அது. நான் துண்டு போட்டு வெச்ச சீட்டு! துண்டை எடுத்துக் கல்லு மேலயே போத்தறா, குளிருமாம். எனக்கு வெங்காய மூட்டை.

"ஊ லா பே, நீங்க காலை மடக்கி உக்காரலாம், அது மடக்குமா?"ன்னு என்னைக் கேக்கறா. எல்லாரும் சிரிக்கறாங்க.

என்ன மணி பாக்கறே? எனக்குத்தான் அவசரம். பொழுது சாயறதுக்குள்ள மேல போகணும். மேல தியான மடம் இருக்குல்ல, வண்டி திரும்பற எடத்துல? என் பொண்டாட்டி சா யீ அங்கதான் இருக்கா. மழைக்கால நோன்பு மூணு மாசமும். இன்னிக்குப் பௌர்ணமி. வெளிய வர்றா. அங்க யாரும் பேசக்கூடாதாம். சாப்பிடறப்ப, நடக்கறப்ப, எப்பவும். "உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"ன்னு பக்கத்து வீட்டுக்காரி கேட்டதுக்கு, "முப்பது வருஷம் காத்திருந்தேன்"னா. என் காதுபடத்தான் சொன்னா.

போறப்ப வாசல்ல நின்னு சொன்னா. "பௌர்ணமி அன்னிக்கு மடத்து வாசல்ல வந்து நில்லுங்க. நின்னா உங்களோட வர்றேன். ஆனா வீடு வர்ற வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கக்கூடாது. ஒரு வார்த்தை கூட. தொறந்தா அங்கேயே இறங்கிடுவேன். நீங்க வரலேன்னா தங்கச்சி புருஷன் ஜீப்போட வருவாரு, நான் டௌங்ஜி போய் அவளோடயே இருந்துக்கறேன்." அப்படியே சொன்னா. கோபமில்ல. கோபமா இருந்தாக்கூடப் பதில் சொல்லலாம்.

அதான் இப்பவே பேசித் தீத்துக்கறேன். மலை இறங்கறப்ப வாயைத் தொறக்க முடியாதே. நீ என்னமோ தலைவலி வந்தவன் மாதிரி நெத்தியைப் பிடிச்சுட்டிருக்கே.

பாரு, தோ ஓன்மே இந்தப் பக்கமே பாக்கறா. கட்டை எங்கன்னு என்னைக் கேக்கறாங்க. நான் என்ன கட்டை திங்கறவனா?

டீக்கடையில மேசை ஆடுச்சு. நீ பாத்தியா? கையை வெச்சாப் பாதி டீ தட்டுல. கடைக்காரன்கிட்ட சொன்னேன், "எல்லா மேசையும் அப்படித்தான், ஐயா"ங்கறான். எனக்கு ஆடற மேசை ஆகாது. வண்டியில சீட்டுக்கு அடியில கட்டை சும்மாக் கெடந்துச்சு. கொண்டுபோய் மேசைக்காலுக்கு அண்டக் குடுத்தேன். நின்னுச்சு பாரு. அசையல. இப்பவும் அங்க நின்னுட்டிருக்கும்.

என்ன பாக்கறே? எடுத்து வெச்சவன் ஒருத்தன். திருப்பி எடுக்கணும்னு பெரியவருக்குல்ல ஞாபகம் இருக்கணும்? கட்டை அவர் பொறுப்பு.

கல்லாவது இருந்திருக்கலாமேன்னு கேக்கறே. கேக்கல, ஆனா மூஞ்சி கேக்குது. நீ ஏறினே. பத்தாச்சு. பத்து ஆன பிறகு கல்லுக்கு என்ன வேலை? அதான் ஜன்னல் வழியா இறக்கி விட்டேன். வண்டி ஓடிட்டிருந்துச்சு, ஆமா. தோ ஓன்மே தூங்கிட்டிருந்தா. துண்டை மட்டும் எடுத்துக்கிட்டேன். ஒரு வகையில பாத்தா நீ ஏறினதாலதான் இத்தனையும். நான் அதைப் பெருசு பண்ணல.

அதோ ஒரு பைக்கு வருது. மேலதான் போறான். நிறுத்து, நிறுத்து! ஏம்ப்பா, பின்னாடி எடம் இருக்கா? இருக்குங்கறான். தலைக்கவசம் எங்கப்பா? ஹேண்டில்ல மாட்டியிருக்கே, ஹேண்டிலுக்கா மண்டை? இந்த வளைவுல இப்படித்தான் வருவியா? ஹார்ன் அடிச்சியா? அடிக்கல. உங்கப்பன் பேரு என்ன? சொல்லமாட்டே. இந்தக் காலத்துல எவனுக்கு... டேய்! தம்பி! நீ ஏன் ஏறறே? நான்ல போகணும்! டேய்!

சொல்லிடு! வாசல்ல நிப்பா! பழுப்பு உடுப்பு! எல்லாரும் பழுப்புதான், அவளுக்கு இடது கன்னத்துல மச்சம்! நான் வந்துட்டே இருக்கேன்னு சொல்லு! கல்லைப் பத்திச் சொல்லாதே!

போயிட்டான்.

என்ன தோ ஓன்மே, விரலை மடக்கறே? எண்ணாதே. எனக்கும் எண்ணத் தெரியும். ஒம்போதுதான். மறுபடியும் ஒம்போது. ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க? சரி. சரிங்கறேன்ல. போறேன். எவ்ளோ பெருசு வேணும்?

*

தள்ளி உக்காரு. ஓ, உனக்குத் தள்ளத் தெரியாது. இரு, நானே மூட்டையில உக்கார்றேன். ஜன்னலோரம் உனக்கு. துண்டு போத்திக்கறியா? மலை ஏறினாக் குளிரும்.

இடுப்பு போச்சு தம்பி. நீ என்ன கனம் இருக்கே! ஓடையிலேர்ந்து தூக்கிட்டு வர்றதுக்குள்ள மூணு எடத்துல வெச்சு எடுத்தேன். ஒருத்தன் கை குடுக்கல. பெரியவர் மட்டும் வந்தாரு. அவர் வாயைத் தொறந்து கட்டையைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் நாலு கேட்டிருப்பேன். கேக்கல. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

நீ நல்லா வேலை செஞ்சே. அதைச் சொல்லணும். அவங்க தள்ளத் தள்ள, நான் உன்னைச் சக்கரத்துக்கு அடியில நகத்த, வண்டி ஏறிடுச்சு. அத்தனை பாரம், நீ முனகல. நானா இருந்தா...

அந்தப் பையன் போனான் பாரு. டீக்கடையிலேர்ந்து அவன்கிட்ட பேசிட்டு வர்றேன். பேரு கூடச் சொல்லல. நான் கேக்கல, அது வேற. கேட்டிருக்கலாம்.

மூணு மாசம் நான் யார்கிட்ட பேசினேன்னு நினைக்கறே? சோத்துப் பானைகிட்ட. சோறு குழையுது, குழையுதுன்னு. முப்பது வருஷமா அவகிட்ட இதையேதான் சொல்லிட்டிருந்தேன். இப்ப நானே வடிச்சேன், அப்பவும் குழைஞ்சுது. அரிசி அப்படி. அதை அவகிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். இன்னிக்கு முடியாது. வீடு போனப்பறம் சொல்லணும். மறக்காம இருந்தா.

சூரியன் அந்த மலைக்குப் பின்னாடி போயிடுச்சு. ஜீப்பு வந்திருக்கும். அவன் எப்பவும் முன்கூட்டியே வர்றவன். நல்லவன்தான். எனக்கு அவனைப் பிடிக்காது. சோ மின், வேகமாப் போயேன்பா! எனக்காக இல்ல. கல்லுக்குக் குளிருது.

நீ ஒண்ணும் சொல்லமாட்டேங்கறே. அவளுக்கு உன்னைப் பிடிக்கும்.

வந்துடுச்சு. வாசல்ல விளக்கு ஏத்திட்டாங்க. பழுப்பு... பழுப்பு... எல்லாம் பழுப்பு. ஜீப்பு நிக்குது. வந்திருக்கான் பாரு. கதவைத் தொறந்து வெச்சுட்டு நிக்கறான். அவ எங்க? உள்ள ஏறிட்டாளா?

இல்ல. அதோ. மூட்டையோட. மூட்டை தரையில. பக்கத்துல யாரு, வெள்ளைச் சட்டை? நம்ம பையன்! பேசறான்! கையை ஆட்டி ஆட்டிப் பேசறான்! மேசை ஆடற மாதிரி காட்டறான். அடப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இப்பத் தூக்கி எறியற மாதிரி காட்டறான். எல்லாத்தையும் சொல்லிட்டான். அவ... சிரிக்கறா தம்பி. வாயை மூடிட்டு சிரிக்கறா.

நான் இறங்கறேன். திரும்பறப்பவும் இதே வண்டிதான். நீ எடம் பிடிச்சு வை. ரெண்டு. ஜன்னல் அவளுக்கு. யாராவது கேட்டா நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். இப்ப இருக்கற மாதிரியே இரு.

பாத்துட்டா. விரலை உதட்டுல வெக்கறா.

இரு, ஒண்ணே ஒண்ணு மட்டும்...

சரி.