அயர்லாந்தில் விட்டுவிட்டு வந்த பிள்ளை

இந்த இடத்துல ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டு மேல போறேன். நல்லாச் சிரிங்க, தப்பில்ல... ஆனா முடியும்போது யாரைப் பார்த்துச் சிரிச்சோம்னு ஒரு சந்தேகம் வரும். அதுக்கு நான் பொறுப்பில்ல.

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடம். பேரு வேணாம். போன மே மாசம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க இருபத்திரண்டு பேரை பிரான்ஸுக்கும் அயர்லாந்துக்கும் சுற்றுலா கூட்டிட்டுப் போனாங்க. ஏற்காடு பழசாயிடுச்சு பாருங்க!

கூட்டிட்டுப் போனவர் குழந்தைவேல் சார். கணக்கு வாத்தியார், நல்ல மனுஷன். பாவம், அவர் கையில ஒரு போன்... அந்தப் போனுக்குள்ள ஒரு பெற்றோர் குழு. சாருக்கு மூச்சு விட நேரமில்ல.

பாரிஸ்ல ஈபிள் கோபுரத்தடியில இறங்கினாங்க. சார் படம் எடுத்துக் குழுவில போட்டார். ஒரு அப்பா எழுதறார், "சார், எம்பையன் ஓரமா நிக்கறான், நடுவுல நிறுத்துங்க." ஒரு அம்மா, "எம்பொண்ணு கண்ணை மூடிட்டா, இன்னொண்ணு எடுங்க." நடுவுல நிறுத்தி, கண்ணைத் திறக்க வெச்சு... ஆறு தடவை எடுத்தார். ஏழாவது நிமிஷம், "ம்ம், ஏறு ஏறு, பஸ்ல ஏறு!" அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தது யாரு? சாரும் பார்க்கல.

அப்படியே அயர்லாந்து. மேற்குக் கடற்கரை. எழுநூறு அடி உசரத்துக்குக் கடல்ல இருந்து செங்குத்தா நிக்கிற பாறை. அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனாங்க. போய் இறங்கினா... பனிமூட்டம். நீட்டின கை தெரியல. பாறை எங்க, கடல் எங்க, ஒண்ணும் தெரியல.

சார் என்ன பண்ணார்? அங்க ஒரு கட்டடம். உள்ளே சுவர் முழுக்க அதே பாறையைப் பெரிய படமா ஒட்டியிருக்கான். "வாங்கடா எல்லாரும்!" படத்துக்கு முன்னாடி பிள்ளைங்களை நிறுத்தி... படம் எடுத்தார்! "எல்லாரும் வந்தாச்சா?" "வந்தாச்சு சார்!" பஸ் கிளம்பிடுச்சு.

குழுவுக்குப் படம் போச்சு. "சூப்பர் சார்! பின்னாடி பாறை எவ்வளவு தெளிவா இருக்கு!"

தெளிவா இருக்கும்... சுவர்ல ஒட்டினதாச்சே!

அப்போ நாமக்கல்ல இருந்து அமுதவல்லின்னு ஒரு அம்மா எழுதினாங்க. "சார், பவதாரணி எங்கைங்க?"

சார் பதில் போடறார், "அடுத்த படத்துல முன்னாடி நிறுத்தறேன் மேடம்."

அந்தம்மா உடனே போன்ல கூப்பிட்டுட்டாங்க. "படத்துல கேக்கலைங்க சார்... பஸ்ஸுல எம்புள்ள இருக்குதுங்களா?"

சார் எந்திரிச்சுத் திரும்பினார். ஒரு சீட்டு காலி. பக்கத்துச் சீட்டுப் பொண்ணு போனைப் பார்த்துட்டிருக்கா. "ஏம்மா, பவதாரணி எங்க?" அந்தப் பொண்ணு தலையைத் தூக்கி, "தெரியல சார்... வேற யாரோட படத்துலயாவது நிப்பான்னு நினைச்சேன்."

ஐயா, யோசிச்சுப் பாருங்க. கூட வந்த இருபத்தொரு பேருக்கும் தெரியல, கூட்டிட்டுப் போன வாத்தியாருக்கும் தெரியல. ஆறாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற அம்மாவுக்குத் தெரியுது, பிள்ளையைக் காணோம்னு!

பஸ் திரும்பிச்சு. இருபது நிமிஷம். அதுக்குள்ள பிள்ளையைக் காணோம்னு குழுவுக்கும் தெரிஞ்சுபோச்சு. அமுதவல்லியம்மா போனை வைக்கவே இல்ல. சாருக்குக் காதுல கேட்டதெல்லாம் அந்தம்மா மூச்சு வாங்குற சத்தம்தான்.

போய் இறங்கினா... பவதாரணி பாறை ஓரத்துத் தடுப்புச் சுவரைப் பிடிச்சுட்டு நிக்கறா. அங்க டிக்கெட் கொடுக்கிற வெள்ளைக்காரம்மா தன் மழைக்கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டு, பக்கத்துலயே சாரல்ல நனைஞ்சுட்டு நிக்கறாங்க. பனி விலகிடுச்சு!

சார் ஓடிப்போய்க் கேட்டார், "அறிவிருக்கா உனக்கு?"

அந்தப் பிள்ளை சிரிச்ச முகமாத் திரும்பி, "சார், அங்க பாருங்க சார்! பாறை பூரா குருவிங்க சார், ஆயிரக்கணக்குல!" அப்புறம் பஸ்ஸைப் பார்த்துட்டு, "ஆமா... எல்லாரும் எங்க போயிட்டு வர்றீங்க?"

விட்டுட்டுப் போனதே அவளுக்குத் தெரியல!

"அம்மா, இருக்காம்மா... நல்லா இருக்கா"ன்னு சார் போன்ல சொன்னார். சரி, இதோட திருந்தியிருப்பாங்கன்னு நினைக்கறீங்க? மத்த இருபத்தொண்ணும் திமுதிமுன்னு இறங்கிச்சு. நிஜப் பாறை கண்ணு முன்னாடி நிக்குது. இருபத்தொரு பேரும் அதுக்கு முதுகைக் காட்டி வரிசையா நின்னாங்க. "சார், எடுங்க சார்!" பழக்கதோஷம்... சாரும் எடுத்தார்.

படம் போச்சு. இருபத்தொரு முகம்... ஒரே ஒரு சடை. பவதாரணி மட்டும் கடலைப் பார்த்துட்டு நிக்கறா.

குழுவில உடனே ஒரு அப்பா எழுதினார். என்ன எழுதியிருப்பார்? பிள்ளை கிடைச்சது சந்தோஷம்னா? இல்ல. "அந்தப் பொண்ணு ஏன் திரும்பி நிக்குது? படமே கெட்டுப்போச்சு!"

அமுதவல்லியம்மா அதுக்குப் பதில் போடல. மகளைக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "என்ன கண்ணு பார்த்த?" அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அரை மணி நேரம் நிறுத்தாமப் பேசிச்சு.

இங்க கைதட்டறவங்க கொஞ்சம் நிறுத்துங்க. அந்த அப்பா யாரு? நாமக்கல்காரர்னு நினைச்சுட்டீங்களா? நான்தாங்க அவர். நீங்களும்தான். நம்ம பிள்ளைங்களை உலகத்தைப் பாருன்னு அனுப்பிட்டு, உலகம் நம்ம பிள்ளையைப் பார்க்குதான்னுதான் நாம கவலைப்படறோம். பிள்ளை நடுவுல நிக்குதா, முன்னாடி நிக்குதா, மேடையில நிக்குதா... அது என்ன பார்த்துச்சு, எதுக்கு வாயைப் பிளந்துச்சுன்னு நாம எப்பவாவது கேட்டிருக்கோமா?

இன்னிக்கு வீட்டுக்குப் போய்க் கேளுங்க. கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடாதீங்க. அது பேசி முடிக்கிற வரைக்கும் உக்காருங்க.