இருபத்து மூன்றாம் அத்தியாயம்

கீழே சொல்லியிருப்பது எல்லாம், ஒரு சொல் விடாமல், உண்மை. பார்வை போன என் இரண்டு கண்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன். பள்ளிவாசல் செயலாளர் நெய்னார் சத்தியமே தேவையில்லை என்றுதான் சொன்னார். "கண் தெரியாத மனிசன் என்னத்துக்குப் பொய் சொல்லப் போறார்" என்றார். அவர் அப்படிச் சொன்னதையும் வாக்குமூலத்தில் எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

முதலில் காதல் நாவல்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் யாருமே மீன் கழுவுவதில்லை. இருநூற்றுப் பதினொரு நாவல்கள் கேட்டிருக்கிறேன். ஒன்றிலாவது ஒருத்தி குந்தியிருந்து ஒரு சூடை மீனின் தலையைக் கிள்ளியதாக இல்லை. கதாநாயகனிடம் எந்நேரமும் சந்தனம் மணக்கும். ஆலங்குடாவில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். இங்கே சந்தனம் மணக்கிற ஆண்பிள்ளை யாராவது கரையில் நடந்தால் நாய் துரத்தும்.

நான் அலியார். எழுபத்து நான்கு வயது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கிய சனத்தில் ஒருவன். மனைவி றுக்கியா மவுத்தாகி ஒன்பது வருடம். அந்த வருடம்தான் என் கண்களில் படலம் விழுந்தது. பிறகு டொக்டர் ஒப்பரேசன் செய்தும் பார்த்தார். சிலருக்கு அல்லாஹ் நாடுவதில்லை. வீட்டில் இருப்பது நானும் மகள் நஸ்ஹாவும். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு வந்து, எனக்குச் சோறு போட்டு, வேம்பின் கீழ் இரண்டு கதிரைகளைப் போட்டு, வாசிக்கத் தொடங்குவாள். அஸர் பாங்கு சொல்லும் வரை வாசிப்பாள். ஒன்பது வருடமாக அப்படித்தான்.

இப்போது மாய உலகக் காதல் என்று புதிதாக ஒரு சாதி நாவல் வருகிறது. கதாநாயகனுக்குச் சிறகு இருக்கும். அல்லது அவன் கடலுக்கு அடியில் இருக்கிற ராசாவாக இருப்பான். வயது நானூறு, ஐந்நூறு. எனக்கு இவற்றில் நம்பிக்கை குறைவு. எழுபத்தெட்டாம் ஆண்டு எருக்கலம்பிட்டிப் பனங்காட்டில் நானே ஒரு ஜின்னைக் கண்டிருக்கிறேன். தனக்கு முந்நூறு வயது என்றான். ஒரு பீடி கேட்டான். கலியாணம் முடித்தவன், பாதிப் பீடி முடியும் வரை மனைவியைப் பற்றி முறைப்பாடு சொன்னான். சந்தனம் மணக்கவில்லை. எழுதுகிறவர்கள் ஒரு ஜின்னையாவது நேரில் கண்டுவிட்டு எழுதலாம்.

"வாப்பா, இவர் ஐந்நூறு வருசமா அவளுக்காகக் காத்துக்கிட்டு இரிக்கார்" என்று நஸ்ஹா ஒருநாள் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். குரல் நனைந்திருந்தது.

"சாப்பாடு?"

"சும்மா இரிங்க வாப்பா."

"இல்ல மகள், ஐந்நூறு வருசம் அவருக்கு ஆர் சமைச்ச?"

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறியது. நல்ல பிள்ளை. ஆனால் கதை சூடு பிடிக்கிற இடத்தில் அவள் குரல் சட்டென்று வேகம் எடுக்கும், பிறகு இரண்டு தாள்கள் சேர்ந்து புரளுகிற சத்தம் கேட்கும். தகப்பனுக்கு வாசிக்கக் கூடாத பக்கங்கள். அவற்றில் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. மழை, மின்வெட்டு, ஒரு போர்வை.

புத்தகங்கள் வந்தது கண்டக்குழியில் படகு எஞ்சின் திருத்துகிற ஹுனைஸிடமிருந்து. அவர்களும் மன்னார்ச் சனம்தான். ஹுனைஸின் தாத்தா அக்கீலா, அவனுடைய மூத்த சகோதரி, நாவல் பைத்தியம். அவள் கலியாணம் முடித்து மன்னாருக்குத் திரும்பிப் போனபோது, தான் சேர்த்த நாவல்களையெல்லாம் தம்பியின் கடையில் விட்டுவிட்டுப் போனாள். எஞ்சின் ஓயில் மணக்கிற அந்தக் கடைச் சுவரில் மூன்று தட்டு நிறையக் காதல். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கண் கிளினிக்குக்குப் போகிற வழியில் பொல்லைத் தட்டிக்கொண்டு அங்கே இறங்குவேன். வாசித்ததைக் கொடுத்துப் புதிதை வாங்குவேன்.

"வாங்க மாமா. இந்த முற அழுகையா, சிரிப்பா?" என்று கேட்பான்.

"ஆராவது வேல வெட்டி செய்ற கத ஒண்டு இரிந்தா தா."

"அப்படி ஒண்டு இன்னும் ஒருத்தரும் எழுதல்ல மாமா."

ஹுனைஸில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதையும் எழுதச் சொன்னேன்.

ஒருமுறை நஸ்ஹா தானே புத்தகம் தெரிந்தெடுக்க வேண்டும் என்று என்னோடு வந்தாள். அரை மணித்தியாலம் இருந்தோம். அதற்குப் பிறகு என் பையிலிருந்த புத்தகங்கள் கொஞ்சம் தடித்துப் போயின. புத்தகத்துக்குப் போட்ட மண்ணிறக் கடதாசி உறைக்கும் அட்டைக்கும் நடுவில் கடிதம் இருந்தது. போகும்போது அவளுடையது, வரும்போது அவனுடையது. கையில் போன் இருக்கிற காலத்தில் ஏன் கடிதம் என்று நெய்னார் கேட்டார். காதல் நாவல் வாசிக்கிறவர்களுக்குப் போன் மரியாதைக் குறைவு. கண் தெரியாத தபால்காரனைப் போல நம்பிக்கையான ஆள் உலகத்தில் இல்லை என்றும் இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள். அதுவும் நாவல் வாசிக்கிறவர்கள் விடுகிற பிழைதான்.

நான் அவற்றை விரலால் வாசித்தேன். ஹுனைஸ் ஸ்பானர் பிடிக்கிற கையால் எழுதுகிறவன். பேனையை அப்படி அழுத்துவான். எழுத்தெல்லாம் தாளின் மறுபக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். பின்னாலிருந்து தடவினால் இடவலம் மாறி வரும், அவ்வளவுதான். பழகிவிடும்.

இந்த இடத்தில் நெய்னார் எழுதுவதை நிறுத்தினார். "காக்கா, விரலால வாசிச்ச எண்டு எழுதவா?"

"எழுதுங்க. இடது கைப் பெருவிரல்."

போன வருடம் நோன்பு மாதத்தில் வந்த கடிதம் வேறு மாதிரியாக இருந்தது. அதைச் சொல்கிறேன்.

"உம்மாவத் தனிய விட ஏலாது. பெருநாள் முடிய நான் மன்னாருக்கே போறன். எங்கட வழக்கத்தில மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்கு வாறது. என்னால அது செய்ய ஏலாம இரிக்கி. நீங்க வாறதுக்கு விருப்பமெண்டா வாப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போவோம். அவர்ட ஊர்தானே. ஒரு வரி எழுதுங்க, பெரியாக்கள வாப்பாட்ட அனுப்புறன்."

வாப்பாவையும். நான் அந்தச் சொல்லை இரண்டு முறை வாசித்தேன். தொண்ணூறில் வள்ளத்தில் ஏறியபோது, தையல் மெசினையும் கொண்டு போவோம் என்று றுக்கியா சொன்னது ஞாபகம் வந்தது. கரைக்கு வந்து சேர்ந்த பிறகு அந்த மெசினை வைக்க ஓரிடம் கிடைக்கவில்லை. ஒரு வருடம் தென்னை மரத்தடியில் நின்று துருப்பிடித்தது.

காதல் நாவல்களில் எனக்கு இருக்கிற பெரிய மனக்குறையை இங்கேதான் சொல்ல வேண்டும். காதலைக் கெடுக்கிறவர்களுக்கு அவற்றில் வேலை தெரியாது. ஒரு மாமியோ மச்சாளோ இருப்பாள். செய்யப் போவதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் செய்வாள். பொய்க் கடிதம் எழுதுவாள், கையெழுத்தில் பிடிபடுவாள். ஏன் எழுத வேண்டும்? எல்லாம் அச்சடித்தே கிடக்கிறதே. எந்த நாவலை எடுத்தாலும் இருபத்து மூன்றாம் அத்தியாயத்துக்குக் கிட்டவாகக் கதாநாயகி பிரிந்து போவாள். ஹுனைஸுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகத்தில் அந்த அத்தியாயத்தின் கடைசித் தாளைக் கிழித்தேன். "என்னைத் தேட வேண்டாம். உங்களோடு வருகிற வாழ்க்கை எனக்கு வேண்டியதில்லை" என்று இருந்தது. நஸ்ஹா பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிற பச்சைப் பென்சிலால் அதன் கீழே கோடு இழுத்தேன். நேர்கோடு. தாளை மடித்து உறைக்குள் வைத்தேன். உறைக்குள் நஸ்ஹா வைத்திருந்ததையும் ஹுனைஸின் கடிதத்தையும் அடுப்பில் வைத்தேன். அன்று நோன்புக் கஞ்சி நன்றாக இருந்தது.

ஹுனைஸ் என் முன்னால்தான் உறையைப் பிரித்தான். கண் தெரியாதவன்தானே என்ற தைரியம். அவன் முகம் போன போக்கு எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் எஞ்சின் ஒன்றைத் தேவையில்லாமல் இயக்கிவிட்டு நிறுத்தினான்.

"மாமா, வீட்டில எல்லாரும் சுகமா?"

"சுகம் மகன். நஸ்ஹா நல்லாச் சிரிச்சுக்கிட்டு இரிக்கி."

"புத்தகம் எத்தின வேணுமெண்டாலும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றான். பதினெட்டு எடுத்தேன்.

பெருநாள் முடிந்து நான்காம் நாள் அவன் கடையைப் பூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போனான். நஸ்ஹா பாடசாலையிலிருந்து மூன்று முறை போன் எடுத்தாளாம். மனம் முறிந்த கதாநாயகன் போனுக்குப் பதில் சொல்ல மாட்டான். அதை நான் அவனுக்குப் படிப்பிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுடைய வாசிப்பு கெட்டுப்போனது. ஒரு வாசகனாக இதைக் குறைப்பட்டுத்தான் சொல்கிறேன். நடு வரியில் நிறுத்துவாள். ரோட்டுப் பக்கம் அவள் கழுத்து திரும்புகிற சத்தம் எனக்குக் கேட்கும். போர்வை வருகிற பக்கங்களைக்கூடத் தாண்டாமல், வேகம் எடுக்காமல், மருந்துச் சீட்டை வாசிப்பது போல வாசித்துக்கொண்டு போனாள். சிறகுள்ளவன் செத்த இடத்திலும் குரல் நனையவில்லை. "மகள், உணர்ச்சியா வாசி" என்று சொல்லிப் பார்த்தேன். "வாசிக்கிறன்தானே வாப்பா" என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை அக்கீலா வந்தாள். கடையில் கிடந்த மிச்சப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போக வந்தவள், எங்கள் வாசலில் நின்று அந்தத் தாளை நஸ்ஹாவின் மடியில் போட்டாள்.

"ஒரு வரி எழுத உனக்குக் கையில்லையா? கிழிச்ச கடதாசியா அனுப்புவாய்? என்ட தம்பி அத ஒரு வருசமாப் பொக்கட்டுக்குள்ள வச்சிக்கிட்டுத் திரிஞ்சான். வெள்ளிக்கிழம அஸருக்கு அவனுக்கு நிக்காஹ். இனி இது அங்க வேணாம்."

நஸ்ஹா என்னமோ சொல்லப் போனாள். அக்கீலா நின்று கேட்கவில்லை. திரீவீலர் போகிற சத்தம் அடங்கிய பிறகு நஸ்ஹா என் முன்னால் வந்து நிலத்தில் இருந்தாள்.

"வாப்பா, இந்தப் புத்தகம் உங்கட பைக்குள்ளதான் போனது."

"ஓம்."

"ஆர் கிழிச்ச?"

"நான்தான் மகள்." கேட்டால் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"கண் தெரியாம எப்படி?"

விரலைக் காட்டினேன். நம்பினாள். சின்ன வயதில் பீடி கேட்ட ஜின்னையும் நம்பியவள் அவள்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னா, நிக்காஹ்வ மறிக்கப் பொய் சொல்றாள் எண்டுவாங்க. நீங்க சொல்லுங்க வாப்பா. நெய்னார் காக்காட்டச் சொன்னாப் போதும், அவர் மன்னார்ப் பள்ளிவாசலுக்குக் கதைப்பார். வெள்ளிக்கிழமைக்கு முந்திச் சொல்லுங்க. வேற ஒண்டும் நான் கேக்கல்ல."

"சொல்றன் மகள்" என்றேன்.

சொல்லத்தான் செய்கிறேன். புதன்கிழமை முழங்கால் பிடித்துக்கொண்டது. அவள் நெய்னாரை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு அப்போது நித்திரை. வியாழக்கிழமை தலைசுற்று. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போனேன், ஆனால் தொழுகை முடிந்து இதையெல்லாம் பேசுவது சரியாகப் படவில்லை.

காதல் நாவல்களில் கெட்டவர்கள் எல்லோரும் நேரத்துக்கு மனம் மாறுவார்கள். கலியாண வீட்டு வாசலில் மூச்சு வாங்க வந்து நின்று உண்மையைச் சொல்வார்கள். என் கணிப்பில், சிறகு முளைத்ததைவிட, ஐந்நூறு வருடம் காத்திருந்ததைவிட, அந்த நாவல்களில் இருக்கிற மிகப் பெரிய பொய் இதுதான். நேற்று அஸருக்குப் பிறகு மன்னாரில் நிக்காஹ் முடிந்தது. இன்று சனிக்கிழமை. காலையில் எழும்பியபோது முழங்கால் வலி குறைந்திருந்தது.

ஏன் செய்தேன் என்று நெய்னார் கேட்டார். செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, காரணம் மட்டும் சொன்னேன். பார்வை இல்லாதவனுக்குப் பெற்ற பிள்ளைதான் கண். அவள் போனால் எனக்கு யார் சோறு போடுவது, யார் கையைப் பிடித்துத் தொழுகைக்கு ஒழுச் செய்யக் கூட்டிப் போவது, யார் வாசிப்பது? புது இடத்தில் ஒரு குருடன் சுவர் எங்கே, கிணறு எங்கே என்று தடவித் திரிய வேண்டுமா? கண் இருந்தால் நான் இதைச் செய்திருப்பேனா? நெய்னார் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். இளகிய மனம்.

நஸ்ஹா கதவருகே கதிரையில் இருந்தாள். "அவருக்கு வாசிச்சுக் காட்டுங்க காக்கா" என்றாள். "எல்லாத்தயும் அவர் கேக்கட்டும்."

நெய்னார் வாசித்தார். நல்ல குரல், ஆனால் கமாவில் நிற்கத் தெரியாது. மூன்றாம் தாளின் நடுவில் அவர் குரலும் சட்டென்று வேகம் எடுத்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் வெள்ளிக்கிழமைக்கு முந்திச் சொல்லச் சொன்ன பந்தியை அப்படியே தாண்டினார். அவள் இருக்கிறாளே என்ற இரக்கமாக இருக்கும். ஆனால் ஒரு வாசகனால் எவ்வளவைத்தான் பொறுப்பது?

"இந்தப் பந்தி விடுபட்டுப்போச்சு" என்று சொல்லி, அந்த வரியின் மேல் விரலை வைத்தேன்.

நெய்னார் என் விரலையும் தாளையும் பார்த்தார். நஸ்ஹா எழும்பி வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். அவளுடைய தலைமுடியில் காதோரம் நான்கைந்து நரைத்திருந்தன.

மூன்று வருடத்துக்கு முன்னர் செய்த ஒப்பரேசன் இரண்டு கண்ணிலும் சரிவந்தது.