ஒலி அணைந்த சுவர்

நான் எவ்வளவு நேரம் பேசுவேனோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தின் கதவையும் மனத்தின் கதவையும் எங்களுக்குத் திறந்துவிட்ட பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற நினைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, என் பின்னால் இந்தச் சுவரில், எல்லைக்கு அப்பால் இருந்தபடியே எங்களோடு கூடியிருக்கும் அண்டை நாட்டு உறவுகளே, முன்வரிசையில், நான் பேசுவதில் ஒரு சொல்லும் காதில் விழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அம்மாவே, அனைவர்க்கும் என் பணிவான வணக்கம்.

நன்றி சொல்ல வந்திருக்கிறேன். யாருக்கு நன்றி? கணினிக்கா? கலைக்கா? கண்ணாடி இழையில் ஓடிவரும் காட்சிக்கா? இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தவறுக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன். தவறுக்கா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். ஆம் ஐயா, தவறுக்கேதான். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

நான் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைத்தவன். என் அக்கா எல்லைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டவள். எல்லைச் சாவடியை மூடிய நாள் முதல் அம்மா அவளைப் பார்க்கவில்லை. போனில் பேசலாமே என்பீர்கள். அம்மாவுக்குக் காது கேளாது. போனிலேயே முகம் பார்க்கலாமே என்பீர்கள். அந்த உள்ளங்கைத் திரையில், அம்மாவின் மங்கிய கண்ணுக்கு, அக்கா வெறும் நிழல். மகளை மகள் அளவிலேயே காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது.

அக்கா ஊரின் கணினிக் கலைஞர்களோடு கைகோத்தேன். இங்கொரு சுவர், அங்கொரு சுவர். நம் மண்டபம் அங்கே தெரியும், அவர்கள் மண்டபம் இங்கே தெரியும், ஆள் அளவிலேயே. இருபுறக் குரல்களும் சுவரில் வண்ணங்களாக வழியும். இதைக் கேட்ட நம் மண்டபக்காரர் சொன்னார்: “ஒரு தடவை போட்டுக் காட்டுங்க தம்பி. நல்லா வந்தா வருஷம் பூரா வெச்சுக்கங்க. வரலைன்னா அன்னிக்கே கழட்டிடணும்.” அங்கும் அதே நிபந்தனை.

அந்த நாள் வந்தது. விளக்கு அணைந்தது. சுவரில் அவர்கள் மண்டபம் விரிந்தது. ஆனால் ஒலி இல்லை. ஒலி இல்லாததால் வண்ணமும் இல்லை. ஏன் தெரியுமா? விருந்தாளி முதலில் பேசட்டும், நம் இருமல் அவர்களுக்கு இடைஞ்சலாக வேண்டாம் என்று, ஒலியமைக்கும் நம் வயர் அண்ணன் நம் மைக்குகளை அணைத்து வைத்திருந்தார். அங்கிருந்தவர்களுக்கும் நம்மை விட்டால் யார் விருந்தாளி? அதே மரியாதையில் அவர்களும் அணைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் பேசட்டும் என்று இவர்கள், இவர்கள் பேசட்டும் என்று அவர்கள். இரண்டு மண்டபமும் ஒன்றை ஒன்று வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தன.

சிரிக்கிறீர்கள். அன்று நான் கணினியின் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். “என்னப்பா, படம் ஓடுதா, நின்னுபோச்சா?” என்றது ஒரு குரல். மண்டபக்காரர் என் தோளைத் தொட்டு, “கழட்டிடலாமா தம்பி?” என்றார்.

அத்தனை பேரில் ஒருவருக்கு மட்டும் எந்தக் குறையும் தெரியவில்லை. என் அம்மாவுக்கு உலகமே அப்படித்தானே? எழுந்தாள். சுவரருகே போனாள். அங்கே இரண்டாம் வரிசையில் அக்காவைக் கண்டாள். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனாள். சாப்பிட்டாயா?

அக்கா பதறி எழுந்தாள். வயிற்றைத் தடவி, நிறைந்துவிட்டது என்று காட்டினாள். பிறகு சுண்டுவிரலை நீட்டி, நீதான் இப்படி இளைத்துவிட்டாய் என்றாள். போடி என்று அம்மா காற்றிலேயே ஓர் அடி கொடுத்தாள். இங்கே சிரித்தார்கள், அங்கேயும் சிரித்தார்கள். இங்கொருத்தி தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அங்கிருந்த தையல்காரர் ஒருவர் அந்தப் பிள்ளைக்குக் காற்றிலேயே சட்டை அளவெடுத்தார். அப்போதுதான் வயர் அண்ணனுக்குக் காரணம் பிடிபட்டது. மைக்கைத் திறக்கப் போனார். அவர் கையைப் பிடித்தது யார்? கழட்டச் சொன்ன அதே மண்டபக்காரர். “இருக்கட்டும்பா. அவங்கதான் பேசிட்டு இருக்காங்களே.”

அதன் பிறகே கணினி நிரலை மாற்றி எழுதினோம். குரலுக்கு வண்ணம் என்பது போய், கையசைவுக்குக் கோடு என்று ஆனது. இன்று இன்னும் சில அண்டை நாடுகள் தங்கள் சுவர்களை இதில் இணைத்திருக்கின்றன. மொழி வேறு, கொடி வேறு, கடிகாரம் வேறு. ஆனால் கை வேறா? பசியா என்று கேட்கும் கை எந்த நாட்டில் வேறு?

சாவடி இன்னும் திறக்கவில்லை. அதை நான் மறைக்கமாட்டேன். ஆனாலும் வாரம் தவறாமல் அம்மா இங்கே வருகிறாள், அக்கா அங்கே வருகிறாள், இருவர் கோடுகளும் இந்தச் சுவரில் பின்னிக்கொள்கின்றன. இதற்குக் காரணமான மண்டபக்காரருக்கு நன்றி. மரியாதையில் நம்மை மிஞ்சிய அந்தப் பக்கத்துக் கலைஞர்களுக்கு நன்றி. வயர் அண்ணா, குனிந்துகொள்ளாதீர்கள், உங்களுக்குத்தான் பெரிய நன்றி.

ஆனால் என் நன்றிக்கு முதலில் உரியவள் இவ்வளவு நேரமும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆகவே அண்ணா, என் மைக்கை அணைத்துவிடுங்கள். அவையோரே, நீங்கள் சுவரைப் பார்த்துக் கைகூப்புங்கள். நான் அம்மாவைப் பார்த்துக் கூப்புகிறேன். பதிலுக்கு அவள் விரலைக் குவித்து என்ன கேட்பாள் என்று உங்களுக்கே தெரியும். இன்னும் இல்லை அம்மா என்று சொல்லப்போகிறேன்.